தின்கன்ஜூனில் பதிமூன்று மருமகள்கள்

உளுந்து பார்க்கப் போனவன் நான். ரங்கூனில் என் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டு, மேடையின் நடு நாற்காலியில் உட்கார வைத்து, அமெரிக்காவைப் பற்றித் தீர்ப்புச் சொல் என்றார்கள். விருதுநகரில் வத்தலும் பருப்பும் விற்கிற கமிஷன் கடைக்காரனுக்கு அமெரிக்காவைப் பற்றி என்ன தெரியும்? டாலர் தெரியும். வேறு ஒன்றும் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். எல்லாம் தெரிந்தவர்கள் எழுதும் பயணக் கட்டுரைகளைப் படித்து எனக்கு அலுத்துவிட்டது.

அது தொண்ணூறுகளின் பின்பாதி. ஊர் பெயரை யாங்கோன் என்று மாற்றிப் பல வருடம் ஆகியிருந்தது. அங்கிருந்த தமிழர்கள் ரங்கூன் என்றுதான் சொன்னார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். எங்களுக்கு வந்த உளுந்தில் ஒரு சரக்கு முழுக்க ஈரமும் வண்டுமாக இருந்தது. கூட்டாளிகள் உட்கார்ந்து, யார் நன்றாகச் சண்டை போடுவான் என்று யோசித்து, என்னை அனுப்பி வைத்தார்கள்.

விமான நிலையத்திலேயே சண்டை ஆரம்பித்தது. பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்த அதிகாரி, என் வீட்டுக்காரி கட்டிக் கொடுத்த மோர்மிளகாய்ப் பொட்டலத்தைப் பிரித்தார். இது என்ன என்று சைகையில் கேட்டார். தின்பது என்று சைகையில் சொன்னேன். பொரிக்காத மோர்மிளகாயை அப்படியே கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. நான் ஒழிந்தேன் என்று நினைத்தேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு கைப்பிடி அள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, போ என்றார். நான் கத்தினேன். பின்னால் நின்றவர் என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

வெளியே காதர் பாய் காத்திருந்தார். எங்கள் தரகர். பூர்வீகம் கீழக்கரை, பிறந்தது ரங்கூன். அங்கே எல்லோருக்கும் அவர் கோ காதர், அதாவது காதர் அண்ணன். லோஞ்சியை, நம் கைலிதான், கணுக்கால்வரை கட்டி, வெற்றிலைச் சிவப்போடு சிரித்தார்.

"வாங்க அண்ணாச்சி. வீட்டுல தங்க வைக்கணும்னு ஆசைதான். வெளிநாட்டுக்காரங்களை வீட்டுல படுக்க வைக்கக் கூடாது. லாட்ஜ்தான்."

"நான் என்ன வெளிநாட்டுக்காரனா?"

"எனக்கு இல்லை அண்ணாச்சி. வார்டு ஆபீசுக்கு."

சொந்தத் தங்கை வந்து ஒரு ராத்திரி தங்கினாலும் வார்டு ஆபீசில் போய்ப் பெயர் கொடுக்க வேண்டுமாம். எனக்குக் கோபம் வந்தது. காதர் பாய்க்கு வரவில்லை. மழை பெய்தால் குடை எடுப்பதுபோல் அதைச் சொன்னார்.

லாட்ஜில் மின்விசிறி மின்சாரம் வந்தால் சுற்றும். மின்சாரம் தோன்றினால் வரும். காலையில் தெருமுனையில் மொஹிங்கா சாப்பிட்டேன். அரிசி நூடுல்ஸ் மேல் மீன் குழம்பை ஊற்றி, வாழைத்தண்டு போட்டு, வறுத்த கடலைமாவு கரைத்துக் கொடுக்கிறார்கள். விடிந்ததும் மீனா என்று முகம் சுளித்தேன். பிறகு இரண்டாவது கிண்ணம் கேட்டேன். பெரிய தங்கப் புத்தர் கோயிலையும் தூரத்திலிருந்து பார்த்தேன். அதைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

முதலில் அலோன் துறைமுகக் கிடங்கு. உளுந்து மூட்டைகளைக் குத்தூசி போட்டுப் பார்த்தேன். மேல் வரிசை நல்ல சரக்கு, அடி வரிசை குப்பை. கிடங்குக்காரனை நான் தமிழில் திட்ட, அவன் பர்மீய மொழியில் திட்ட, காதர் பாய் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மரியாதையாக மொழிபெயர்த்தார். மூட்டை தூக்குகிறவர்களில் பாதிப் பேர் தமிழர்கள். எண்ணிக்கையைப் பர்மீயத்தில் சொல்கிறார்கள், வசவைத் தமிழில் வைத்துக்கொள்கிறார்கள். அடி வரிசையை மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டான். மாற்றி அடுக்க நாள் பிடிக்கும் என்றான். அந்த நாட்களில்தான் மாட்டிக்கொண்டேன்.

காதர் பாய் வீடு தின்கன்ஜூனில். வாத்தியார்களும் குமாஸ்தாக்களும் கடைக்காரர்களும் குடியிருக்கிற பகுதி. மதியச் சாப்பாட்டுக்குப் பேருந்தில் போனோம். அந்த ஊரில் சாலையின் வலது பக்கம் ஓட்டுகிறார்கள். ஆனால் பேருந்துகள் ஜப்பானில் செய்தவை, கதவு இடது பக்கம். அதாவது, இறங்கினால் நடுச்சாலையில் இறங்க வேண்டும். நான் நம்ம ஊர் நினைப்பில் காலை வைத்தேன். ஒரு சைக்கா, அதாவது பக்கத்தில் இருக்கை வைத்த சைக்கிள் ரிக்‌ஷா, என் முழங்காலில் வந்து முட்டியது. ஓட்டியவர் பர்மீயத்தில் ஏதோ கத்திவிட்டு, என் வேட்டியைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

"கண்ணை எங்க வெச்சிட்டு இறங்குறீங்க பெரியவரே? ஊருக்குப் பொணமா போகணுமா?"

"கதவை இந்தப் பக்கம் வெச்சவனைக் கேளுய்யா."

"அவன் ஜப்பான்ல இருக்கான். நீங்கதான் இங்க இருக்கீங்க."

நொண்டிக்கொண்டே போய்ச் சாப்பிட்டேன். காதர் பாய் வீட்டுக்கார அம்மா, நெய்ச்சோறும் ஆட்டுக் குழம்பும் பக்கத்தில் ஊறவைத்த தேயிலைக் கலவையும் வைத்திருந்தார். தேயிலையைக் குடிக்காமல் தின்கிறார்கள். நல்லெண்ணெய், பூண்டு, வறுத்த பட்டாணி போட்டுப் பிசைந்தது. கசக்கிறது. விட முடியவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவும்போது ஒரு அம்மாள் வந்தார். ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் குங்குமம், கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து, காது பிடிக்கு நூல் கட்டிய கண்ணாடி. பெயர் டோ தங்கம், டோ என்றால் அம்மா. எல்லோரும் செயாமா என்று கூப்பிட்டார்கள், டீச்சரம்மா என்று அர்த்தம். கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவர். கல்லூரிகளைப் பட்டாள அரசாங்கம் இழுத்து மூடி வைத்திருந்ததால், கோயில் மண்டபத்துப் பின்கட்டில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார்.

"ஐயா, நாளன்னைக்குக் கோயில் விசேஷம். பட்டிமன்றம் வெச்சிருக்கோம். நீங்கதான் நடுவர்."

"எனக்கு மேடையில பேச வராதும்மா."

"தமிழ்நாட்டுலேருந்து வந்துட்டுப் பேச வராதுங்கிறீங்களே."

அவர் கேலி பேசவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். அங்கே எல்லோர் வீட்டிலும் நம் ஊர்ப் பட்டிமன்ற வீடியோ கேசட்டுகள் சுற்றுகின்றன. அவற்றைப் பார்த்துப் பார்த்து, தமிழ்நாட்டில் எல்லா ஆண்களும் சாயங்காலமானால் ஏதாவது ஒரு மேடையில் ஏறித் தீர்ப்புச் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். ரேஷன் கடை வரிசையில்கூட எதுகை மோனையோடு பேசுவோம் என்று நினைப்பு.

"செயாமா, இவருக்கு உளுந்தும் கோபமும்தான் தெரியும்" என்றார் காதர் பாய்.

"கோபமும் தெரியணும். விஷயத்தைச் சொல்லிடுறேன் ஐயா. அப்புறம் வேணாம்னா விட்டுடுங்க."

சொன்னார். அவரிடம் படிக்கிற பிள்ளைகள் வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றின் உதவித்தொகைத் தேர்வு எழுதப் போகிறார்கள். அதில் அமெரிக்காவின் ஆரம்ப வரலாறு ஒரு தாள். நடைபாதைப் புத்தகக் கடையில் கிடைத்த ஒரு பழைய பாடப் புத்தகத்தை நகல் எடுத்து நடத்துகிறார். வகுப்புக்கு வார்டு ஆபீஸ் கொடுத்த அனுமதி, தாய்மொழியும் சமயமும் கற்பிக்க மட்டும். யாரோ போய், செயாமா ஏதோ தேசத்துக் கலகக் கதையைச் சொல்லிக்கொடுக்கிறார் என்று வத்தி வைத்துவிட்டார்கள். லூஜீ, அதாவது வார்டின் தலைவர், ஊ மின்ட் என்று பெயர், நேரில் வந்து விசாரித்தார். "தமிழில் பேசப் பழக்குகிறோம், விசேஷத்தன்று வந்து பாருங்கள்" என்று செயாமா அழைத்திருக்கிறார். அவர் வந்து பார்த்துச் சரி என்றால் வகுப்பு நடக்கும். இல்லை என்றால் பின்கட்டுக்குப் பூட்டு. பிள்ளைகளுக்குத் தேர்வு போய்விடும். செயாமாவைக் கூப்பிட்டு எங்கே உட்கார வைப்பார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"அப்ப வேற தலைப்பு வெச்சுட்டுப் போங்களேம்மா. கண்ணகியா, மாதவியான்னு."

"பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சது இதுதான். நாலு மாசமா இதையேதான் தின்னு தூங்குதுங்க. வேற தலைப்பு வெச்சா மேடையில முழிக்கும். அவர் சந்தேகம் கூடிப் போகும்."

தலைப்பு: அமெரிக்காவை எழுப்பியது அடுப்படியா, தோட்டமா?

அடுப்படிக்கும் அமெரிக்காவுக்கும் என்ன சம்பந்தம் என்றேன். மிளகாயிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார் செயாமா. மிளகாய் அமெரிக்காவிலிருந்து வந்தது, போர்ச்சுகீசியக் கப்பல்காரன் கொண்டுவந்து நம் கரையில் இறக்கினான் என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. மூன்று தலைமுறையாக வத்தல் விற்கிற குடும்பம் எங்களுடையது. சாத்தூர்ச் சம்பா வத்தலை எவனோ கப்பல்காரன் கொடுத்தானாம்.

"யாரும்மா சொன்னது? மிளகாய் எங்களுது."

"உங்க பக்கத்துப் பழைய கோயில் எதுலயாவது பிரசாதத்துல மிளகாய் போடுறாங்களா ஐயா?"

வாயைத் திறந்தேன். அழகர் கோயில் தோசை நினைவுக்கு வந்தது. கறுப்பு உளுந்து, அரிசி, நெய், சுக்கு, சீரகம், காரத்துக்கு மிளகு. சின்ன வயதிலிருந்து தின்கிறேன். அதில் ஏன் மிளகாய் இல்லை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பெருமாளுக்கு மிளகாய் பழக்கமில்லை. நமக்கே அது பிறகு வந்தது. தக்காளி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், நிலக்கடலை, கொய்யா, பப்பாளி, முந்திரி என்று செயாமா சொல்லிக்கொண்டே போனார். எல்லாம் கடல் தாண்டி வந்தவை. என் கடையில் பாதி அலமாரி காலியாகிவிட்டது. உட்கார்ந்திருந்த நாற்காலியின் கை இரண்டையும் பிடித்துக்கொண்டேன்.

நடுவராக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் ஒத்திகை. பின்கட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பேசப் போவது இரண்டு பேர்தான். தோட்டத்துக்கு மாரி. பௌதிகம் படித்துக்கொண்டிருந்தவன், கல்லூரி மூடியதும் க்யிம்யிண்டைங் படகுத்துறைச் சந்தையில் தேங்காய்க் கடையில் நிற்கிறான். அடுப்படிக்கு செல்வி. குச்சி மாதிரி இருப்பாள், பேசினால் ஊசி. இரண்டு பேருக்கும் தமிழ் பேச வரும், எழுத வராது. உரையைப் பர்மீய எழுத்தில் தமிழாக எழுதி வைத்திருந்தார்கள். வட்ட வட்டமாக ஜிலேபி பிழிந்ததுபோல் இருந்த தாளைப் பார்த்து, மாரி அட்சரம் பிசகாமல் தமிழ் பேசினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் தெருப் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். எழுதத் தெரிந்தும் பேச வெட்கப்படுகிற கழுதைகள்.

செயாமா ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். மேடையில் சில சொற்கள் வரக் கூடாது. அரசன் கூடாது. வரி கூடாது. பட்டாளம் கூடாது. யுத்தம், விடுதலை, தேர்தல் எதுவும் கூடாது. அந்தச் சொற்களைத் தமிழில் சொன்னாலும் சிலது அங்கே எல்லோருக்கும் புரியும்.

"அதையெல்லாம் எடுத்துட்டா அமெரிக்காவுல என்னம்மா மிஞ்சும்?" என்றேன். முந்தின நாள்வரை அமெரிக்காவைப் பற்றி ஒன்றும் தெரியாதவன், அதற்குள் அதற்காகச் சண்டை போட ஆரம்பித்திருந்தேன்.

"மாமியார் மிஞ்சுவாங்க" என்றாள் செல்வி.

"எந்த மாமியார்?"

"கடலுக்கு அந்தாண்ட ஒரு மாமியார். இந்தாண்ட பதிமூணு மருமகளுங்க. மாமியாரைத் திட்டுனா எந்த ஊர்லயும் யாரும் புடிச்சிட்டுப் போக மாட்டாங்க ஐயா."

"இவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகல" என்றான் மாரி. "இப்பவே மாமியாரைக் கடலுக்கு அந்தாண்ட தள்ளிட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். செயாமா மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

விசேஷத்தன்று மண்டபம் நிறைந்துவிட்டது. துறைமுகத்து ஆட்கள், ரயில்வேக் குடும்பங்கள், கடைத்தெருப் பாய்மார்கள், குழந்தைகள். பூஜை முடிந்து பொங்கல் கொடுத்தார்கள். அதிலும் மிளகுதான் என்று நான் குனிந்து பார்த்தேன். முன் வரிசையில் லூஜீக்கு மெத்தை போட்ட நாற்காலி. அறுபது வயது, வெள்ளைச் சட்டை, வெற்றிலை, முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. தமிழ் தெரியாதவர். அவர் காதோரம் மொழிபெயர்க்கக் காதர் பாய். மேடை அரை அடி உயரம்தான், அதன் நடுவில் நடுவர் நாற்காலி, அவர்களுக்குக் கை எட்டும் தூரத்தில்.

மாரி எழுந்தான். முதல் வாக்கியத்திலேயே தாளைக் கீழே வைத்துவிட்டான்.

"தங்கம் இருக்குன்னு போனாங்க. இல்லை. பசிதான் இருந்துச்சு. மொதல்ல போன வெள்ளைக்காரங்க தோல் செருப்பை வேகவெச்சுத் தின்னாங்க. அவங்களை நிக்க வெச்சது புகையிலை. புகையிலைதான் அங்க காசு. பொண்டாட்டியைக் கப்பல்ல வரவழைக்கப் புகையிலை கட்டுனான். அப்புறம் ஆள் பத்தலை. கப்பல் கூலி குடுக்க வழியில்லாதவன், இத்தனை வருசம் மாடு மாதிரி உழைக்கிறேன்னு கைநாட்டு வெச்சிட்டு ஏறுனான்."

"நம்ம மேஸ்திரி ஏத்திட்டு வந்த மாதிரி" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"ஆமா, அதே மாதிரி. ஆனா அவனுக்காச்சும் கைநாட்டு. அதுக்கப்புறம் கொண்டாந்தாங்களே ஆப்பிரிக்காக்காரங்களை, அவங்ககிட்டக் கைநாட்டுகூடக் கேக்கலை. சங்கிலியிலதான் ஏத்துனாங்க. அவங்க பிள்ளையும் அடிமை, பேரனும் அடிமை. அமெரிக்காங்கிற வீட்டுக்கு அஸ்திவாரம் தோட்டம். தோட்டத்துக்கு அடியில இருக்கிறது அவங்க எலும்பு."

துறைமுகத்து ஆட்கள் அசையாமல் கேட்டார்கள். தாத்தாக்கள் எந்தக் கப்பலில், ஆள் பிடிக்க வந்த எந்த மேஸ்திரி கொடுத்த முன்பணத்துக்கு ஏறி வந்தார்கள் என்று தெரிந்தவர்கள். இரண்டு கடல் தள்ளி நடந்த கதை அந்த மண்டபத்தில் சொந்தக்காரன் வீட்டுக் கதைபோல் உட்கார்ந்தது. காதர் பாய் லூஜீயிடம் ஏதோ முணுமுணுத்தார். புகையிலை சாகுபடி செய்யும் முறையைச் சொல்கிறான் என்று சொன்னாராம். பிறகு என்னிடம் சொன்னார்.

செல்வி வந்தாள்.

"மிளகு தேடிக் கிளம்புனவன் வழி தப்பி மிளகாய்கிட்டப் போய் நின்னான். போன எடம் இந்தியான்னு நெனைச்சு, அங்க இருந்தவங்களுக்கு இந்தியர்னு பேரு வெச்சான். கேட்டா வெச்சான்? நமக்கும் இங்க பட்டப்பேரு வெச்சவங்க யாரும் கேட்டு வைக்கல."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. லூஜீ காதர் பாயைப் பார்த்தார். மிளகாயின் காரம் பற்றி என்றார் காதர் பாய்.

"சாப்பாடு இல்லாம கெடந்தவனுக்கு அந்த ஊர்க்காரங்க சோளம் விதைக்கக் கத்துக் குடுத்தாங்க. சோளம் குடுத்தவங்களுக்குக் கடைசியில விதைக்க நிலம் மிஞ்சல. அடுப்படி பண்ண நல்லதும் இருக்கு, கெட்டதும் இருக்கு. நான் மறைக்கல. அப்புறம் அந்தப் பதிமூணு மருமகளுங்க கதைக்கு வர்றேன்."

அதன் பிறகு அந்தப் பெண் செய்ததை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை. கடலுக்கு அந்தப் பக்கமிருந்து மாமியார் ஆள் அனுப்புகிறாள். காகிதம் வாங்கினால் எனக்கு ஒரு பங்கு, சர்க்கரை வாங்கினால் ஒரு பங்கு, நான் அனுப்புகிற ஆட்களை உன் வீட்டில் படுக்க வைத்துச் சோறு போடு என்கிறாள். மருமகள்கள் கேட்கிறார்கள்: எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா அத்தை? மாமியார் தேயிலை அனுப்புகிறாள், குடித்துத்தான் ஆக வேண்டும் என்கிறாள். ராத்திரியோடு ராத்திரியாகத் தேயிலையைத் தூக்கிக் கடலில் கொட்டுகிறார்கள். தனிக்குடித்தனம். பெண்கள் பக்கம் சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். ஆட்களை வீட்டில் படுக்க வைக்கச் சொன்னாள் என்ற இடத்தில் மட்டும் சிரிப்பு கொஞ்சம் பிந்தி வந்தது. லூஜீகூட, மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்து, பல் தெரியச் சிரிக்க ஆரம்பித்திருந்தார்.

"சண்டையில மருமகளுங்களுக்கு முன்னால நின்னவரு ஒரு பெரியவரு. நல்ல உயரம். ஜெயிச்சாச்சு. வீட்டுச் சாவிக்கொத்து அவரு இடுப்புலதான் இருக்கு. கூட நின்ன ஆளுங்க அத்தனை பேரும் அவரு சொன்னா கேப்பாங்க. நீங்களே வெச்சுக்கங்கன்னு சொன்னவங்களும் இருந்தாங்க."

டாலர் நோட்டில் இருக்கிற முதல் ஜனாதிபதியைச் சொல்கிறாள் என்று எனக்கே புரிந்தது.

"அவரு சாவியை எடுத்து மேசை மேல வெச்சாரு. என் வேலை முடிஞ்சுதுன்னாரு. தோட்டத்துக்குப் போயிட்டாரு. சில வருசம் கழிச்சு, வீட்டை நடத்த ஆள் வேணும்னு எல்லாருமாச் சேர்ந்து கூப்பிட்டாங்க. வந்தாரு. ஒரு தவணை இருந்தாரு, இன்னொரு தவணை இருந்தாரு. மறுபடியும் சாவியை வெச்சாரு. மறுபடியும் போயிட்டாரு."

மண்டபம் செத்துப்போனது. வெளியே சைக்கா மணி கேட்டது. நான் ஊரில் எத்தனையோ தலைவர்களைப் பார்த்திருக்கிறேன். சங்கத் தலைவர் பதவியைக்கூட ஆஸ்பத்திரியிலிருந்தே நடத்தியவர்களைத் தெரியும். சாவியைக் கீழே வைப்பது அவ்வளவு பெரிய காரியம் என்று அந்த நிமிடம்வரை எனக்கு உறைத்ததில்லை. அந்த மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் அது முன்பே தெரிந்திருந்தது.

லூஜீ காதர் பாய் பக்கம் திரும்பி மெதுவாக ஏதோ கேட்டார். காதர் பாய் முகம் வெளுத்தது. நான் முழங்கையால் இடித்தேன்.

"இவ்வளவு நேரம் சிரிச்சாங்களே, இப்ப ஏன் சிரிக்கலைன்னு கேக்குறார்" என்று பல்லுக்கிடையில் சொன்னார்.

அதற்கு மொழிபெயர்ப்பு கிடையாது. செல்வி மேடையில் நின்றபடியே நின்றாள்.

செயாமா எழுந்தார். முன்னால் வந்து, லூஜீயின் நாற்காலிக்கு எதிரில் நின்று, பர்மீயத்தில் பேசினார். காதர் பாய் எனக்கு ஒவ்வொரு வரியாகச் சொன்னார்.

"இது கதையில்லை ஊ மின்ட். நடந்தது. அதனால் சிரிக்கவில்லை."

"என்ன நடந்தது?"

"கையில் சாவி இருந்த ஒருவர், அதைத் தானாகவே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்."

பூட்டு விழுந்தது என்று நினைத்தேன். செயாமா எதையும் ஒளிக்கவில்லை. லூஜீ வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். பிறகு கேட்டது இதுதான்:

"போன பிறகு அவரை என்ன செய்தார்கள்?"

கேட்ட குரல் அதிகாரியுடையது இல்லை. மொழி தெரியாத எனக்கே அது புரிந்தது.

"ஒன்றும் செய்யவில்லை. சொந்த வீட்டில், சொந்தக் கட்டிலில் செத்தார்."

"யாரும் வரவில்லையா?"

"ஒருவரும் வரவில்லை."

லூஜீ தலையை ஆட்டவில்லை. மேடையைப் பார்த்துக் கையை அசைத்தார். தொடரட்டும் என்று அர்த்தம்.

மாரிக்குப் பதில் சொல்லும் முறை. அவன் உட்கார்ந்துவிடுவான் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். நானே கண்ணால் உட்காரடா என்றேன். அவன் எழுந்தான்.

"சாவியை வெச்சிட்டுத் தோட்டத்துக்குப் போனாரு, சரி. அந்தத் தோட்டத்துல வேலை செஞ்சவங்க யாரு? அவங்க கால்ல இருந்த பூட்டுக்குச் சாவி யாருகிட்ட இருந்துச்சு? அவரு உசிரோட இருந்தவரைக்கும் அந்தச் சாவியை மேசை மேல வைக்கல."

சொல்லிவிட்டு உட்கார்ந்தான். செல்வி அவனை முறைக்கவில்லை. மெதுவாகத் தலையசைத்தாள்.

என் முறை வந்தது. இரண்டு பக்கமும் சமம் என்று சொல்லி முடித்துவிடுங்கள் என்று காதர் பாய் காலையிலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நம் ஊர் நடுவர்கள் செய்கிற வழவழா வேலை. எனக்கு அது பிடிக்காது. எழுந்தேன்.

"நான் வத்தல் வியாபாரி. அடுப்படிதான் ஜெயிக்கணும்னு உட்கார்ந்தேன். மிளகாய் எங்க ஊருக்கு யாரையும் கட்டி இழுத்துட்டு வரல. தானா வந்துச்சு, ருசியா இருந்துச்சு, தங்கிடுச்சு. தோட்டத்துக்கு ஆளை இழுத்துட்டுப் போனாங்க. அந்தக் கணக்கு இன்னும் தீரல. அதனால தோட்டம்தான். ஆனா இந்தப் பொண்ணு சொன்ன சாவி இருக்கே, அதை நான் ஊருக்குக் கொண்டுபோறேன். எங்களுக்கும் வேணும். அவ்வளவுதான் எனக்குப் பேசத் தெரியும்."

கைதட்டினார்கள். லூஜீ தட்டவில்லை. எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அன்று சாயங்காலம் முழுக்கச் செயாமா வீட்டு வாசலையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் காலை கிடங்கில் அடி வரிசை மாறியிருந்தது. குத்தூசி போட்டுப் பார்த்துவிட்டு, மதிய விமானத்துக்கு முன்னால் விடைபெறக் கோயிலுக்குப் போனேன். பின்கட்டில் பூட்டு இல்லை. பிள்ளைகள் பாயில் இருந்தார்கள். ஒருவர் முகத்திலும் ரத்தமில்லை. செயாமா கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு சைக்கா வந்து நின்றது. பதினேழு பதினெட்டு வயதுப் பெண் இறங்கினாள். கன்னத்தில் தனாக்கா, புதுப் பேனா, மடித்த பாய். லூஜீயின் கடைசி மகள் என்று காதர் பாய் என் காதில் சொன்னார். அவள் கையைக் கட்டிக்கொண்டு குனிந்து நின்று, பர்மீயத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அப்பா இங்கே போய் உட்காரச் சொன்னார்.

மாரி தன் நகல் தாள்களைத் தொடைக்கு அடியில் தள்ளினான். செயாமா அந்தப் பெண்ணின் பாயை வாங்கி, முன் வரிசையில், கரும்பலகைக்கு நேர் எதிரே விரித்தார். இன்றிலிருந்து பாடம் பர்மீயத்தில் நடக்கும் என்று மற்றவர்களிடம் சொன்னார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவரை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, உளவு பாக்க அனுப்பியிருக்கான்."

"இருக்கலாம் ஐயா. படிக்கவும் அனுப்பியிருக்கலாம். அவருக்கே எதுன்னு தெரியுமோ என்னமோ."

"அது தெரியாமலா முன் வரிசையில உட்கார வெச்சீங்க?"

செயாமா சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டார்.

"பின்னால உட்கார வெச்சா பாதிதான் காதுல விழும். வீட்டுல போய்ப் பாதிதான் சொல்லும்."